கூடையின் எடையும் பகுதியின் பூச்சியமும்

தேயிலைத் தோட்டமொன்றிலே கொழுந்து நிறுக்கும் வேளையில் மடுவம் என்னும் நிறுவைக் கொட்டகையின் ஓரமாக நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தராசில் ஏறுவது கொழுந்து மாத்திரம் அன்று. அதைச் சுமந்து வந்த கூடையும், நுவரெலியாவின் மூடுபனி இலையின்மேல் விட்டுச் சென்ற ஈரமும் அதனுடன் சேர்ந்தே ஏறுகின்றன. கூடையின்றி மலையிலிருந்து கொழுந்தை இறக்க முடியாது. ஆனால் கூடையின் எடையைக் கொழுந்தின் எடையென்று எழுதிவிடவும் முடியாது. ஆகவே கழிவு என்ற வழக்கம் பிறந்தது. அந்தக் கழிவு எவ்வளவாக இருக்கவேண்டும் என்பதைப் பற்றித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்திருக்கும் வாக்குவாதங்களுக்கு முடிவில்லை. கூடையின் எடையைக் கழிக்க மறந்தால் பறிக்காத கொழுந்து கணக்கில் ஏறும். அளவுக்கு மிஞ்சிக் கழித்தால் பறித்த கொழுந்து கணக்கிலிருந்து மறையும். பறித்தவளுக்கு முழுநாட் சம்பளத்துக்குரிய முழுப்பேர் விழவேண்டிய இடத்தில் அரைநாளுக்குரிய அரைப்பேர் விழும்.

பின்னங்களைக் கொண்ட அட்சரகணிதச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வித்தையைப் பற்றி எழுதப் புகும்போது, இந்த மடுவத்துத் தராசைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைத்ததில்லை. சமன்பாடு என்பதே இரண்டு தட்டும் சமமாக நிற்கும் தராசுதான். அந்தத் தட்டுகளிலே தெரியாத கணியமானது பின்னத்தின் கீழே, பகுதி என்னும் ஸ்தானத்தில் அமர்ந்திருக்கும்போது, அதை மேலே கொண்டுவருவதற்கு நாமும் ஒரு கூடையைப் பிரயோகிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூடையின் எடையை இறுதியிலே கழிப்பதில்தான் பிள்ளைகள் மாத்திரமன்றிப் பெரியவர்களும் தவறுகிறார்கள்.

முதலில் எளிய கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். அக்காளும் தங்கையும் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். (தோட்டத்திலே தேயிலை நட்ட ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் மலை என்றே பெயர் என்பதை வெளியூர் வாசகருக்காகச் சொல்லிவைக்கிறேன்.) அக்காள் தனியாக எடுத்து முடிப்பதற்கு ஆகும் நேரத்தைவிடத் தங்கைக்கு 5 மணித்தியாலம் அதிகமாகிறது, இருவரும் சேர்ந்து எடுத்தால் 6 மணித்தியாலத்தில் மலை முடிகிறது. அப்படியானால் அக்காளுக்குத் தனியாக எத்தனை மணித்தியாலம்?

இங்கே அவசரப்படுகிறவர் நேரங்களைக் கூட்டிப் பார்ப்பார். அல்லது சராசரி காண்பார். இரண்டும் பயன்படா. இரண்டு பேர் சேர்ந்தால் நேரம் கூடுவதில்லை, குறைகிறது என்ற சாதாரண அனுபவமே நேரத்தைக் கூட்டலாகாது என்பதற்குப் போதிய சாட்சியம். கூட்டத்தக்கது நேரம் அன்று, ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலையின் பங்கு. பத்து மணித்தியாலத்தில் மலையை முடிப்பவள் ஒரு மணித்தியாலத்தில் அதன் பத்தில் ஒரு பங்கை முடிக்கிறாள். நேரம் தலைகீழாகிப் பின்னத்தின் அடியிலே போய் அமர்ந்துகொள்கிறது. வேலைக் கணக்கும், பிரயாணக் கணக்கும், தொட்டி நிரப்பும் கணக்கும் பின்னச் சமன்பாடுகளாகவே வந்து சேர்வதன் இரகசியம் இந்தத் தலைகீழாதலில்தான் அடங்கியிருக்கிறது.

தெரியாத நேரத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த பாஸ்கராசாரியார் தெரியாத கணியத்தை ‘யாவத்தாவத்’, அதாவது ‘எவ்வளவோ அவ்வளவு’ என்று அழைத்து, அதன் முதலெழுத்தாகிய ‘யா’வை மாத்திரம் எழுதினார், ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாக் கணியங்கள் வந்தபோது கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயர்களைச் சூட்டினார். அக்ஷரங்களால் நடக்கும் கணிதமென்று நாம் அதனை வழங்குவது எத்துணை பொருத்தம்! தமிழிலும் ‘யா’ என்பது ‘எவை’ என்று வினவும் பழஞ்சொல்லாக இருப்பது வெறும் தற்செயலே. எனினும் இனிய தற்செயல். நாமும் அந்த எழுத்தையே எடுத்துக்கொள்வோம். அக்காளின் நேரம் யா என்றால் தங்கையின் நேரம் யா + 5. ஆகவே,

1/யா + 1/(யா + 5) = 1/6

இந்தச் சமன்பாட்டைக் கண்டு அஞ்சுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, பின்னங்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவற்றை முழு எண்களாக்கிவிடுங்கள் என்பதுதான். இது மேல்நாட்டிலிருந்து வந்த உபாயம் அன்று. நம் முன்னோர் அரை, கால், மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரும் குறியும் வைத்து, நெல்லளப்பிலும் நிலவளப்பிலும் தினந்தோறும் வழங்கியவர்கள். இருபதில் ஒன்று மா. பதினாறில் ஒன்று மாகாணி. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. மாவையும் மாகாணியையும் கூட்டவேண்டுமானால், மா என்பது 16 முந்திரி, மாகாணி என்பது 20 முந்திரி, ஆக 36 முந்திரி என்று முழு எண்களிலேயே கூட்டிவிடலாம். காணிக்கு 4 முந்திரியாதலால் அது 9 காணி, அதாவது அரைக்காலுக்கு ஒரு காணி குறைவு. இவ்விரண்டையும் முழு எண்களில் அளக்கும் மிகப் பெரிய அலகாகிய காணி இங்கே செய்கிற வேலையைத்தான் பாடப் புத்தகத்திலே ‘பகுதிகளின் பொது மடங்குகளுட் சிறியது’ என்ற நீண்ட பெயரால் படிக்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீராசாரியார் தம்முடைய ‘கணிதசாரசங்கிரகம்’ என்னும் நூலில் அதற்கு ‘நிருத்தம்’ என்று பெயரிட்டு, பின்னங்களைக் கூட்டுவதற்கு அதனை விதியாகவே வகுத்தார். அந்த நூலை 1912இல் ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சேற்றியவர் சென்னையைச் சேர்ந்த ரங்காசாரியார் என்பதும் நம்மவர் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

நம் சமன்பாட்டுக்கு வருவோம். பகுதிகள் யா, யா + 5, 6. மூன்றுக்கும் பொதுவான மடங்கு 6யா(யா + 5). இரண்டு தட்டுகளையும் இதனால் பெருக்கினால், ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய காரணியோடு நீங்கிப் பின்வரும் உருவம் எஞ்சுகிறது:

6(யா + 5) + 6யா = யா(யா + 5)

பின்னம் என்ற சுவடே இல்லை. விரித்து ஒரு பக்கமாக ஒதுக்கினால் யா² − 7யா − 30 = 0 என்ற இருபடிச் சமன்பாடு; அது (யா − 10)(யா + 3) = 0 என்று காரணிப்படும். ஆகவே யா 10 ஆகலாம், அல்லது −3 ஆகலாம். அக்காளுக்கு 10 மணித்தியாலம், தங்கைக்கு 15. மலையை 30 பங்காக்கிக்கொண்டால் மணித்தியாலத்துக்கு அக்காள் 3 பங்கும் தங்கை 2 பங்குமாக 5 பங்கு முடிப்பார்கள்; 30 பங்கு 6 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கணக்குச் சரி.

−3 என்னும் மற்ற விடையை என்ன செய்வது? வேலையைத் தொடங்குவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பே முடித்துவிட்டவள் எந்தத் தோட்டத்திலும் இல்லையாதலால் அதனைத் தள்ளிவிடுகிறோம். ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். −3ஐச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பாருங்கள்: −1/3 + 1/2 = 1/6. தராசு சமமாகவே நிற்கிறது. எனவே அதனை நிராகரித்தது உலக வழக்கே தவிரச் சமன்பாடு அன்று. இதனை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், சமன்பாடே நிராகரிக்கின்ற வேறொரு வகைப் போலி விடையைப் பிரித்தறிவது சுலபமாகும்.

இத்தகைய கணக்குகளிலே மிகப் புகழ்பெற்றது பாஸ்கராசாரியார் 1150இல் இயற்றிய ‘லீலாவதி’யில் உள்ளது. நான்கு ஊற்றுகள் ஒரு தொட்டியைத் தனித்தனியே ஒரு நாள், அரை நாள், நாளில் மூன்றிலொரு பங்கு, ஆறிலொரு பங்கு என்ற கால அளவுகளில் நிரப்புமாயின், நான்கையும் ஒருசேரத் திறந்தால் எவ்வளவு நேரம் என்பது கேள்வி. நாளொன்றுக்கு அவை முறையே 1, 2, 3, 6 தொட்டிகளை நிரப்பும். ஆக 12 தொட்டி. ஆகவே ஒரு தொட்டிக்குப் பன்னிரண்டில் ஒரு நாள். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளை வாட்டிவரும் தொட்டிக் கணக்குகளின் பாட்டிகளுள் அதுவும் ஒன்று என்று சொல்லலாம்.

இனிக் கூடையின் எடைக்கு வருவோம். பின்வரும் சமன்பாட்டைப் பாருங்கள்:

யா/(யா − 2) + 1/(யா + 1) = 6/((யா − 2)(யா + 1))

பொது மடங்கு (யா − 2)(யா + 1) என்பது கண்ணுக்கே தெரிகிறது. அதனாலே பெருக்கினால் யா(யா + 1) + (யா − 2) = 6; ஒழுங்குபடுத்தினால் யா² + 2யா − 8 = 0; காரணிகள் (யா + 4)(யா − 2). விடைகள் −4, 2. செய்கையில் எந்தப் பிழையும் இல்லை. ஆயினும் 2 என்பதை முதற் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். யா − 2 என்ற பகுதி பூச்சியமாகிறது. முதற் பின்னத்துக்கும் வலப்பக்கப் பின்னத்துக்கும் அர்த்தமே இல்லாமற் போகிறது. −4ஐ இட்டாலோ, இடப்பக்கம் 2/3 − 1/3 = 1/3; வலப்பக்கம் 6/18 = 1/3. ஆகவே மெய்யான விடை −4 ஒன்றுதான். 2 எங்கிருந்து வந்தது?

அது நாம் கொண்டுவந்தது. (யா − 2) என்ற காரணியினால் இரு பக்கங்களையும் பெருக்கிய கணத்திலேயே அது உள்ளே புகுந்துவிட்டது. சமமான இரண்டை ஒரே எண்ணினாற் பெருக்கினால் சமமே கிடைக்கும், அதிலே சந்தேகமில்லை. ஆனால் அதன் மறுதலை எப்பொழுதும் உண்மையன்று. ஐந்தும் ஏழும் சமமல்ல. இரண்டையும் பூச்சியத்தாற் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் சமமாகிவிடும். பூச்சியத்தாற் பெருக்கப்பட்ட தராசு எதை வைத்தாலும் சமமாக நிற்கும் கெட்ட தராசு. யா என்பது 2 ஆகும்போது நம் பெருக்குங் காரணி பூச்சியமாகிறது. அந்த ஒரு புள்ளியில் நம்முடைய தராசு கெட்டுப்போகிறது. கெட்ட தராசிலே எழுதிய கணக்கை நம்பமுடியாது. கூடை கொழுந்தாக எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே பெருக்கத் தொடங்குமுன்னரே, எந்த எந்தப் பெறுமானங்களுக்குப் பகுதிகள் பூச்சியமாகும் என்று ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு, விடைகள் வந்ததும் அவற்றுள் அந்தப் பெறுமானங்கள் தலைகாட்டுகின்றனவா என்று பார்ப்பது அவசியம். இங்கே 2உம் −1உம் ஓரத்தில் நிற்கவேண்டியவை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளிடம் விடையைச் சரிபார் என்று சொல்லும்போது, ஏதோ ஆசிரியரின் மனத்திருப்திக்காகச் செய்கிற உபசாரம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மற்றச் சமன்பாடுகளிலே அது உபசாரமாக இருக்கலாம். பின்னச் சமன்பாட்டில் அது தீர்வின் ஓர் அங்கம். பெருக்கல், காரணிப்படுத்தல் என்னும் படிகளைப் போலவே அதுவும் ஒரு படி.

பூச்சியத்தினால் வகுக்கும் விஷயத்தில் பேரறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள் என்பது நமக்கு ஓர் ஆறுதல். 628இல் ‘பிரம்மஸ்புட சித்தாந்த’த்தை எழுதிய பிரம்மகுப்தர், பூச்சியத்தையும் ஓர் எண்ணாகக் கொண்டு அதனுடன் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி செய்த மகான், அவரே பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று எழுதிவிட்டார். பாஸ்கராசாரியார் பூச்சியத்தைப் பகுதியாக உடைய எண்ணுக்கு ‘கஹரம்’ என்று பெயரிட்டு, எதைக் கூட்டினும் கழிப்பினும் மாறாத அனந்தனாகிய பரம்பொருளுக்கு அதனை ஒப்பிட்டார். உவமை அழகானது. ஆயினும் அதே ஆசிரியர் லீலாவதியில் ஒரு கணக்குக் கொடுக்கிறார்: ஓர் எண்ணைப் பூச்சியத்தாற் பெருக்கி, அதன் பாதியைக் கூட்டி, மூன்றாற் பெருக்கி, மீண்டும் பூச்சியத்தால் வகுத்தால் 63; அந்த எண் யாது? மேலே பெருக்கிய பூச்சியத்தையும் கீழே வகுத்த பூச்சியத்தையும் ஒன்றோடொன்று அடித்துவிட்டு, விடை 14 என்கிறார். 14உம் அதன் பாதியாகிய 7உம் சேர்ந்து 21, மும்மடங்கு 63. இன்று பரீட்சைத் தாளிலே இப்படிச் செய்கிற பிள்ளைக்கு நாம் ஒரு புள்ளியும் வழங்கமாட்டோம். மிகச் சிறிய கணியங்களைப் பற்றிய பிற்கால எண்ணத்தின் முளை அங்கே இருக்கிறதென்று சில அறிஞர்கள் பரிந்து பேசுவதுண்டு, இருக்கலாம். என் அபிப்பிராயத்தில், அடிப்பது எளிது என்ற மயக்கம் ஆசாரியரையும் விடவில்லை என்பதே அதன் பொருள்.

அந்த மயக்கம்தான் அளவுக்கு மிஞ்சிய கழிவுக்கும் காரணமாகிறது. (யா − 5)/(யா + 1) = (யா − 5)/7 என்ற சமன்பாட்டைக் கண்டவுடன் பிள்ளையின் கை துடிக்கும்; இருபுறமும் உள்ள (யா − 5)ஐ அடித்துவிட்டு, யா + 1 = 7, ஆகவே யா = 6 என்று எழுதி வெற்றிப் புன்னகை பூக்கும். 6 சரியான விடையே. ஆனால் 5உம் சரியான விடை. யாவுக்கு 5ஐ இட்டால் இடப்பக்கம் 0/6, வலப்பக்கம் 0/7, இரண்டும் பூச்சியம், தராசு சமம். (யா − 5)ஐ அடிப்பது என்றால் அதனால் இரு பக்கங்களையும் வகுப்பது என்று பொருள். யா 5 ஆகும்போது அது பூச்சியத்தால் வகுப்பதாகிவிடும். ஆகவே வகுத்தவுடன் அந்த விடை ஓசையின்றி மறைந்துவிட்டது. பெருக்கலால் வந்த பொய் விடையையாவது பிரதியிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்; அது நம் கண்முன்னே நிற்கிறது. வகுத்தலால் போன மெய் விடையைச் சரிபார்த்தலினால் மீட்க முடியாது. இல்லாததை எப்படிப் பிரதியிடுவது? மடுவத்திலும் அப்படித்தான்: கூடுதலாக எழுதப்பட்டதை எவராவது கேள்வி கேட்பார், கூடுதலாகக் கழிக்கப்பட்டது கழிக்கப்பட்டவளின் மனத்தில் தவிர வேறெங்கும் இருப்பதில்லை. எனவே அடிப்பதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துவதே உத்தமம்.

ஒரு விடை, இரண்டு விடை, பொய் விடை, தொலைந்த விடை என்று பார்த்துவிட்டோம். விடையே இல்லாத சமன்பாடும் உண்டு. அதற்கு மலைநாட்டுப் புகையிரதப் பாதையைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. 1867இல் கண்டியை எட்டிய பாதை, கோப்பிக் காலத்தின் தேவைக்காக 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்து, பத்து ஆண்டுகள் கழித்து 1884இல் ஹட்டனையும், மறு ஆண்டில் நுவரெலியாவின் வாசலாகிய நானுஓயாவையும் தொட்டது. அதற்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது. 44 அடி போனால் 1 அடி உயரும் செங்குத்தான இடங்கள் அதிலுண்டு. தோட்டத்து மக்கள் கோச்சி என்று அழைக்கும் வண்டி அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதை அறியாதார் இல்லை.

நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயா வரையுள்ள தூரத்தைக் கணக்கின் சௌகரியத்துக்காக 60 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மெய்யான தூரம் அதைவிடச் சற்று அதிகம். வண்டி மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஏறி, 30 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினால் சராசரி வேகம் என்ன? இருபத்திரண்டரை என்று சொல்லாதவர் சிலரே. ஏற 4 மணித்தியாலம், இறங்க 2 மணித்தியாலம், ஆக 120 கிலோமீற்றருக்கு 6 மணித்தியாலம், சராசரி 20. மெதுவாகப் போகும்போதுதான் அதிக நேரம் போகிறோம் என்பதை மறப்பதால் வரும் பிழை இது. வேகத்தையும், கொழுந்து எடுக்கும் நேரத்தைப் போலவே, தலைகீழாக்கிய பின்னரே கூட்டவேண்டும்.

இப்பொழுது ஓர் அதிகாரி, ஏற்றத்தில் 15 என்பதை மாற்ற முடியாவிட்டாலும் இறக்கத்தில் விரைந்து வந்து, போய்வரும் சராசரியை 30 ஆக்கவேண்டும் என்று விரும்புவதாக வைத்துக்கொள்வோம். இறங்கும் வேகம் யா ஆகட்டும்.

120/(4 + 60/யா) = 30

நாற்பத்தைந்து என்று மனம் முந்திக்கொண்டு சொல்லும், பதினைந்தும் நாற்பத்தைந்தும் சேர்ந்தால் அறுபது, பாதி முப்பது என்று. நாற்பத்தைந்தில் இறங்கினால் 1 மணி 20 நிமிடமாகும், மொத்தம் 5 மணி 20 நிமிடம், சராசரி இருபத்திரண்டரைதான். அறுபதில் இறங்கினாலும் 24 தான். சமன்பாட்டைப் பகுதி நீக்கித் தீர்த்துப் பார்ப்போம்: 120 = 120 + 1800/யா; ஆகவே 1800/யா = 0; யாவினாற் பெருக்கினால் 1800 = 0. தெரியாத கணியம் மறைந்துபோய் அபத்தம் மாத்திரம் எஞ்சுகிறது. எந்தப் பிழையும் செய்யாமல் இப்படி ஓர் அபத்தத்துக்கு வந்து சேர்ந்தால், விடை இல்லை என்பதே விடை. காரணமும் வெளிப்படை: 120 கிலோமீற்றரை 30 கிலோமீற்றர் வேகத்தில் முடிக்க மொத்தம் 4 மணித்தியாலமே உண்டு, அந்த 4 மணித்தியாலமும் ஏற்றத்திலேயே கழிந்துவிட்டது. நானுஓயாவில் கோச்சி திரும்பி நிற்கும்போதே நேரம் முடிந்துவிட்டது; அதன்பின் அது எவ்வளவு விரைந்து இறங்கினாலும் தாமதம்தான்.